ஃபின்னி ஏரியில் ஜூன் மாதம்

காற்றைத் தடுக்க ஒரு மரம் இல்லாத தீவு.
ஃபெட்லர். அறுபது பேர், அதற்குப் பல மடங்கு ஆடுகள்,
இரவு பதினொன்றுக்கும் இருட்ட மனமில்லாத வானம்.
கல்லடுக்கிய மறைவிடத்தில் ஓஸ்லா மேன்சன்,
முழங்கால்மேல் நோட்டுப்புத்தகம்,
பல்லிடுக்கில் பென்சில்.

தண்ணீரில் யாரோ பம்பரம் விட்டதுபோல்
தன்னைத்தானே சுற்றுகிறது செங்கழுத்து உள்ளான்.
சுழலோடு மேலேறி வரும் பூச்சியைக் கொத்துகிறது.
எடை, ஒரு கோழிமுட்டையில் பாதிக்குச் சற்று மேல்.
கழுத்தில் செம்மண் குழைத்து இழுத்த பட்டை.
"என்ன அழகான ஆண்!" என்கிறார்
லீட்ஸிலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற பல்மருத்துவர்,
கேமராவின் சத்தத்தைவிட மெல்லிய குரலில்.

அது பெண்.
அவர் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம்.
முதல் வருடம் ஓஸ்லாவும்
இரண்டு பத்திகளையும் மாற்றித்தான் நிரப்பினாள்.

மே கடைசியில், பசிபிக்கின் உப்பு காயாத இறகோடு இறங்கியவள்
இன்னொருத்தியைச் சேற்றில் புரட்டி விரட்டினாள்.
இங்கே மடலேறுவது பெண்.
ஊர் பார்க்க, நாணம் துறந்து,
சாயம் போன ஒருவனின் பின்னால் நீந்தினாள்.
அவனோ புல்லைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்,
மறுபடி புல்லைப் பார்த்தான்.
விலை தெரிந்தவனின் தயக்கம்:
இருபது நாள் அடை,
வயிற்றில் இறகுதிர்ந்த வெற்றுத் தோல்,
தலைக்குமேல் ஸ்குவாவின் நிழல், மழை.

விதை கோடி, சூல் சில என்றுதான்
பாடப்புத்தகம் கணக்கைத் தொடங்கும்.
கையில் முதல் உள்ளவள் யோசிப்பாள்,
சில்லறை உள்ளவன் இறைப்பான்;
மயிலைக் கூப்பிட்டால் வந்து சாட்சி சொல்லும்.
இந்தச் சேற்றில் மட்டும்
எந்தப் பனிக்காலத்திலோ ஒருத்தி
நான்கு முட்டை இட்டு எழுந்து போயிருக்கிறாள்.
ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.
குஞ்சு பிழைத்துவிட்டது.
அவ்வளவுதான்.
பிறகு எண்ணத் தெரியாத கோடைகள்
நிறத்தை ஓர் உடலிலிருந்து வழித்து
மற்றதில் பூசின,
ஆண்மை, பெண்மை என்று
யாரிடமும் ஒரு சொல் கேட்காமல்.
உட்கார வேண்டியவர் எவரோ
அவர் பார்த்துத்தான் உட்காருவார்.

கைபேசி அதிர்கிறது.
ஹாக்கி அனுப்பிய படம்:
நெஞ்சில் கட்டிய துணியில் எட்டு மாத மகள்
அவன் தாடியைப் பிடித்துச் சப்புகிறாள், பின்னால் படகுத்துறை.
கடையில் பார்த்த மூன்று பேர்
"தங்கமான மனுஷன்" என்றார்களாம்.
அதே துணியில் அதே குழந்தையை
ஆறு மாதம் இவள் சுமந்தபோது
பால் விலை ஏறியதைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஏன் இவனை?
மிட் யெல் மண்டபத்து நடனத்தில்
நன்றாக ஆடியவன் வேறொருவன்.
தோளும் குரலும் சொந்தப் படகும் இருந்தவன்.
இவன் மூன்று முறை காலை மிதித்தான்.
இடைவேளையில், தரையில் சிந்திக் கிடந்த சூப்பை
யார் சிந்தியது என்று கேட்காமல் துடைத்தான்.
அதை அன்றே பார்த்தாளா,
பார்த்ததாகப் பிறகு நினைத்துக்கொண்டாளா?
எலும்புக்குள் ஒரு பழைய கணக்கப்பிள்ளை
இவளைக் கேட்காமல் கூட்டிக் கழித்திருக்கலாம்.
கழுத்து வாசனையாகவும் இருக்கலாம்.

இப்போது அந்தச் செங்கழுத்துக்காரி
தென்கரையில் இன்னொருவனோடு சுற்றுகிறாள்.
கோரைக்குள் இவன் மட்டும்.
நான்கில் ஏதேனும் ஒன்று
வேறு எவனுடையதோ?
கேட்டால் அவனுக்குத் தெரியாது.
அலகால் ஒவ்வொன்றாய்த் திருப்பி வைக்கிறான்.

கிளம்பும்போது பல்மருத்துவரிடம் சொன்னாள்.
அவர் நின்று, கேமராவைத் திறந்து,
எழுபத்திரண்டு படங்களையும் ஓட்டிப் பார்த்தார்.
"அப்போ அந்தப் பழுப்பு?"
அதை அவர் எடுத்திருக்கவில்லை.

மழை சாய்வாக வந்தது.
ஓஸ்லா நோட்டைத் தொடையோடு மறைத்துக்கொண்டு எழுதினாள்:
ஆண், 1. அமர்ந்திருக்கிறது.